பேர்சியன் குட்டி வாங்கப் போகிறோம்: வைத்தியச் செலவுக்குக் காப்புறுதியா, கைக்காசா?

மல்லிகைப்பந்தல், திருநெல்வேலி

எல்லோருக்கும் வணக்கம். ஓ.எல். சோதனையில் நல்ல பெறுபேறு எடுத்தால் பேர்சியன் பூனை வாங்கித் தருவேன் என்று மகளுக்கு அவளுடைய அப்பா வாய்விட்டுவிட்டார். அவளும் எடுத்துவிட்டாள். கொழும்பில் வீட்டில் வைத்துக் குட்டி விற்கும் ஒருவரிடம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். வெள்ளைக் குட்டி, பெட்டை, தட்டை முகம். முற்பணம் இன்னும் கொடுக்கவில்லை.

குட்டியின் விலை ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. எனக்குப் பயம் அதற்குப் பிறகு வருகிற செலவுதான். லண்டனில் இருக்கிற தம்பி தன் பூனைக்கு மாதாமாதம் காப்புறுதி கட்டுகிறான். "அக்கா, முதல் இன்சூரன்ஸ் எடு, பேந்து பூனை எடு" என்கிறான். இங்கே மனுசருக்கே காப்புறுதி எடுக்காத வீடுகள் எத்தனை!

பேர்சியனுக்கு வழமையாக என்னென்ன வருத்தம் வரும்? அதற்கு யாழ்ப்பாணத்தில் வைத்தியம் இருக்கிறதா? காப்புறுதிக்குக் கட்டுகிற காசை நானே வங்கிப் புத்தகத்தில் போட்டு வைத்தால் என்ன? வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். "ஒரு பூனைக்கு ஏன் இவ்வளவு" என்று கேட்பதற்கு என் மாமியார் வீட்டிலேயே இருக்கிறார், இங்கே வேண்டாம்.

மானிப்பாய் மாமா

மாமி கேட்டதை நானும் கேட்கிறேன், கோபிக்காதை பிள்ளை. எங்கள் வளவுக்குள் வேலி பாய்ந்து வந்த பூனைகள்தான். சூடை மீன் தலையும் சோறும். ஒன்றுக்கும் காப்புறுதி இல்லை, ஒன்றும் கிளினிக் வாசல் மிதித்ததும் இல்லை. உந்தத் தட்டை மூஞ்சிப் பூனைக்கு ஒழுங்காக மூச்சு விடவே ஏலாது. நோயைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு அதற்குப் பிறகு காப்புறுதி தேடுகிறீர்கள்.

சுண்டுக்குளி அக்கா

மாமா சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதி, வேலி பாய்ந்து வந்த பூனை செத்தால் நாங்கள் கணக்கு வைப்பதில்லை. அதனால்தான் அதுகள் எல்லாம் நோயில்லாமல் வாழ்ந்ததாகத் தெரிகிறது.

மல்லிகைப்பந்தல், நான் பல வருடமாகப் பேர்சியன் வைத்திருக்கிறேன். வைத்தியரிடம் போகாத செலவைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். முதலாவது மின்சாரப் பில். சித்திரை, வைகாசியில் இங்கே மத்தியானம் 34, 35 பாகை. தட்டை முகத்துப் பூனைக்கு மூக்குவழி சுருக்கம், உடம்பு முழுக்க மயிர்க் கம்பளம். வாயைத் திறந்து நாய் மாதிரி இளைக்கத் தொடங்கினால் அது விளையாட்டில்லை, உடனே குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டில் பூனை இருக்கிற அறைக்குத்தான் ஏசி. நாங்கள் விறாந்தையில் படுக்கிறோம்.

அடுத்தது கண். மூக்கு உள்ளே போய்விட்டதால் கண்ணீர் வடிகிற குழாய் மடங்கியே இருக்கும், கண்ணீர் முகத்தில்தான் வழியும். வெள்ளைப் பூனையில் அது தேத்தண்ணிக் கறைபோல மண்ணிறமாகத் தெரியும். காலை, மாலை இளஞ்சூட்டுத் தண்ணியில் பஞ்சு நனைத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து வெளியே துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்குப் பாவித்த பஞ்சை மற்றக் கண்ணுக்கு வைக்கக் கூடாது. விட்டுவிட்டால் தோல் வெந்து மணக்கும்.

மயிர் சீவுவதும் அப்படித்தான். முதுகு பட்டுப்போல இருக்கும், நீங்கள் சந்தோசப்படுவீர்கள். கையை அக்குளுக்குள் விட்டுப் பாருங்கள், தும்புக் கட்டிபோல சடை பிடித்திருக்கும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டப் போய்த் தோலையும் வெட்டிக்கொண்டு வைத்தியரிடம் ஓடியவர்கள் உண்டு. சீப்பால் பிரிக்க ஏலாவிட்டால் கிளிப்பர்தான். படர்தாமரையும் இந்த இனத்துக்கு இலேசாக ஒட்டும், அது வீட்டில் இருக்கிற சனத்துக்கும் தொற்றும். குட்டி வாங்கும்போதே காது விளிம்பிலும் முகத்திலும் மயிர் கொட்டின வட்டம் இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள்.

பேராதனைப் பெடியன்

மிருக வைத்தியம் கடைசி வருடம் படிக்கிறேன், ஊர் கொக்குவில். அக்கா சொன்னது கண்ணுக்குத் தெரிகிற செலவு. பேர்சியனில் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாமல் சிறுநீரகத்துக்குள் இருக்கும்.

சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகிற ஒரு பரம்பரை நோய் இந்த இனத்தில் உண்டு, சுருக்கமாகப் பி.கே.டி. என்பார்கள். ஒரு காலத்தில் பல நாடுகளில் பார்த்த பேர்சியன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இது இருந்தது. காரணமான மரபணு மாற்றத்தை 2004இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வர 50 வீத வாய்ப்பு. பிறக்கும்போதே கட்டிகள் ஊசிமுனை அளவில் இருக்கும், மெல்ல மெல்லப் பெருக்கும். ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. பெரும்பாலும் 7 வயதுப் பக்கம் தண்ணி கூடக் குடிக்கும், மெலியும், சாப்பாட்டை மணந்துவிட்டுப் போகும். அப்போது இரத்தம் சோதித்தால் சிறுநீரகம் பெரும்பகுதி போயிருக்கும்.

மாற்ற மருந்து கிடையாது. சிறுநீரகச் சாப்பாடு, வாந்திக்கு மருந்து, தோலுக்கடியில் சேலைன், அடிக்கடி இரத்தப் பரிசோதனை என்று இழுத்துக்கொண்டு போகலாம். ஒரே நாளில் வருகிற பெரிய பில் அல்ல, சாகும்வரை மாதாமாதம் வருகிற பில். காப்புறுதி பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த நோயை வாங்கும்போதே தவிர்க்கலாம். கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வுகூடம் தொடங்கிப் பல இடங்களில் செய்கிறார்கள். அல்லது தாய், தகப்பன் இரண்டுக்கும் ஸ்கான் எடுத்த அறிக்கை கேட்கலாம். விற்பவரிடம் "ஊசி போட்டதா" என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். ஊசி நாங்களும் போடலாம், மரபணுவை மாற்ற ஏலாது.

வெள்ளைக் குட்டி என்றீர்கள். கண் நீலமா? நீலக் கண் வெள்ளைப் பூனைகளில் காது கேட்காதவை கணிசம். பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். வெள்ளைக்கு இன்னொன்று, காது நுனியிலும் மூக்கிலும் வெயிலால் தோல் புற்றுநோய் வரக் கூடும். எங்கள் ஊர் வெயிலுக்கு முற்றத்தில் படுக்க விடக் கூடாது.

ஈஸ்ற்ஹாம் இளங்கோ

அக்கா, உங்கள் தம்பி நான் இல்லை, ஆனால் அதே கட்சி. இங்கே பூனைக் காப்புறுதி எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், பிறகு ஊருக்குச் சரிவருமா என்று நீங்களே பாருங்கள்.

பிரித்தானியாவில் நாலு விதம். விபத்துக்கு மட்டும் ஒன்று, மலிவு. ஒரு நோய்க்கு 12 மாதம் மட்டும் காசு தருவது இரண்டாவது. ஒரு நோய்க்கு இவ்வளவு தொகை என்று வைத்து அது முடிந்தால் கைவிடுவது மூன்றாவது. நாலாவது வாழ்நாள் காப்புறுதி, ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தால் தொகை திரும்பவும் நிரம்பும். பேராதனைத் தம்பி சொன்ன சிறுநீரக நோய்போல இழுக்கிற வருத்தத்துக்கு நாலாவதுதான் பிரயோசனம். இரண்டாவது வகையை மலிவென்று எடுத்த ஆட்கள் 13ஆம் மாதம் தங்கள் கைக்காசைத்தான் எண்ணுகிறார்கள்.

எல்லாவற்றிலும் எக்ஸஸ் உண்டு, அதாவது பில்லில் முதலில் நாங்கள் கட்ட வேண்டிய பங்கு. பில் 1,000 பவுண் என்று வைப்போம். எக்ஸஸ் 100 போனால் 900. பூனைக்கு வயது போய்விட்டால் பல கம்பனிகள் மிச்சத்தில் ஒரு வீதத்தை எங்கள் தலையில் போடும், 20 வீதம் என்றால் 180. ஆக 280 நாங்கள், 720 அவர்கள். ஊசி, பூச்சி மருந்து, கருத்தடைச் சத்திரசிகிச்சை ஒன்றும் அடங்காது. பல்லு பெரும்பாலும் அடங்காது, அடங்கினாலும் வருடாவருடம் பல் காட்டிய பதிவு கேட்பார்கள். எடுத்த முதல் இரண்டு கிழமைக்குள் வருகிற நோய்க்கும் தர மாட்டார்கள். காப்புறுதி எடுக்க முதல் வைத்தியரின் பதிவேட்டில் "சிறிது கண்ணீர் வடிகிறது" என்று ஒரு வரி இருந்தால், பிறகு வருகிற கண் வருத்தம் எல்லாம் "முன்பே இருந்தது" ஆகிவிடும். பேர்சியனுக்குக் கண்ணீர் வடியாத நாள் எது சொல்லுங்கள்.

கட்டுப்பணம் சாதாரணப் பூனையைவிட இனப் பூனைக்குக் கூட. வயதோடு ஏறிக்கொண்டே போகும். இடையில் கம்பனி மாற ஏலாது, மாறினால் அதுவரை வந்த நோய் எல்லாம் பழைய நோய்க் கணக்கு. முதல் வருடம் மலிவாகப் பிடித்துவிட்டால் பிறகு ஏற்றினாலும் நாங்கள் போக இடமில்லை. இதெல்லாம் தெரிந்தும் கட்டுகிறேன். இங்கே இரவில் அவசரத்துக்குப் பூனையைக் கொண்டுபோனால் வருகிற பில்லைப் பார்த்தவன் கட்டுவான்.

ஓய்வுபெற்ற கணக்கர்

காப்புறுதித் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், கம்பனி பெயர் வேண்டாம்.

இலங்கையில் மிருகத்துக்குக் காப்புறுதி புதுக் கதை இல்லை. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை என்று அரசாங்கத்திலேயே உண்டு, 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. அங்கே பயிரோடு மாட்டுக்கும் எடுக்கலாம். சுவீடனிலும் 1890இல் குதிரைக்கும் மாட்டுக்குமாகத் தொடங்கியதுதான் பிறகு நாய்க்கும் பூனைக்கும் வந்தது. ஆனால் மாட்டுக் காப்புறுதி முக்கியமாகச் சாவுக்குத்தான். மாடு ஒரு முதலீடு, அது போனால் காசு. பூனை செத்தால் மல்லிகைப்பந்தலுக்குக் காசு வேண்டாம், சாகாமல் பார்க்கத்தான் காசு வேண்டும். ஆகவே யாராவது ஏஜன்ற் செல்லப்பிராணிக் காப்புறுதி என்று ஒரு தாள் கொண்டுவந்தால் முதல் கேள்வி, "சாவுக்கா, வைத்தியத்துக்கா?"

அதற்குப் பிறகு "பரம்பரை நோய், பிறவி நோய்" என்ற வரியைத் தேடுங்கள். விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் இருக்கும், சின்ன எழுத்தில். அங்கே பரம்பரை நோய் விலக்கு என்று இருந்தால் பேர்சியனுக்கு அந்தத் தாள் கடலை சுற்றத்தான் உதவும். பேராதனைத் தம்பி சொன்ன நோய் முழுக்க அதற்குள் போய்விடும்.

இன்னொரு விசயம் லண்டன் ஆட்களுக்கு விளங்காது. வருட எல்லை ரூபாயில் எழுதியிருக்கும். மருந்தும் சாப்பாடும் இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு ஓடியதைப் பார்த்தோம். அந்த வருடம் காப்புறுதி எல்லை அப்படியே நின்றது, மருந்து விலை நிற்கவில்லை.

வைத்தியரும் பார்க்க வேண்டும். கிளெய்முக்குப் பதிவுபெற்ற மிருக வைத்தியரின் கையொப்பம், திகதியோடு பற்றுச்சீட்டு, நோயின் பெயர் மூன்றும் கேட்பார்கள். எங்கள் ஆட்கள் துண்டுக் கடதாசியில் தொகை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள். அது செல்லாது.

நெல்லியடி நரேன்

அப்ப காசைச் சீட்டுக்குப் போடலாமே? எங்கள் ஒழுங்கையில் அம்மா ஆக்கள் நடத்துகிற சீட்டு ஓடுகிறது. மாதம் 3,000 கட்டினால் பூனைக் காசு சேர்ந்துவிடும்.

ஓய்வுபெற்ற கணக்கர்

சீட்டு உங்கள் முறை வரும்போது காசு தரும், இல்லாவிட்டால் கழிவில் கூவி எடுக்க வேண்டும். பூனையின் வருத்தம் முறை பார்த்து வராது. வங்கிச் சேமிப்பே மேல்.

மாதம் 3,000 என்றால் வருடம் 36,000. 7 வருடத்தில் வட்டி இல்லாமலே 252,000. சிறுநீரகம் காட்டத் தொடங்குகிற வயதுக்குக் கையில் ஒரு தொகை இருக்கும், நோய் வராவிட்டால் காசும் உங்களுடையது. குறை என்னவென்றால் இரண்டாம் மாதமே ஏதாவது வந்தால் கையில் 6,000தான். அதனால் புத்தகம் திறக்கிற அன்றைக்கே குட்டியின் விலைக்குச் சமமான தொகை ஒன்றை அதில் போடுங்கள். அது கையில் இல்லை என்றால் குட்டிக்கும் பொறுக்கலாம்.

சுண்டுக்குளி அக்கா

கடைசி வரியை நான் தடித்த எழுத்தில் போடுவேன். இங்கே குட்டிக்குக் கொடுக்கக் காசு இருக்கும், ஸ்கானுக்கு இல்லை என்பார்கள்.

மானிப்பாய் மாமா

கிணற்றுத் தண்ணியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. எங்கள் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, கேத்தில் அடியில் வெள்ளைக் கட்டி பிடிக்கிறது. மனுசருக்கே கல்லு வருகிறது. பூனைக்கு வராதா? போத்தல் தண்ணிக் காசையும் கணக்கில் சேருங்கள்.

பேராதனைப் பெடியன்

மாமா, பூனையில் தண்ணியின் உப்பைவிட அது எவ்வளவு தண்ணி குடிக்கிறது என்பதுதான் முக்கியம். பூனை தாகத்துக்குப் பஞ்சி பிடித்த மிருகம். உலர் சாப்பாடு மட்டும் கொடுத்து வளர்த்தால் சிறுநீர் தடித்து மணிமணியாகக் கல்லு படியக் கூடும். ஈரச் சாப்பாடு கொடுங்கள், தண்ணிப் பாத்திரத்தை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். அதற்கு மேல் போத்தல் தண்ணி கொடுத்தால் குறையொன்றும் இல்லை, கேத்தில் சுத்தமாக இருக்கும்.

இதில் கடுவன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கேளுங்கள். கடுவனுக்குக் குழாய் ஒடுக்கம், அடைபடும். மண் தட்டுக்குள் போய்ப் போய்க் குந்தும், முக்கும், கத்தும், ஒரு சொட்டுத்தான் வரும் அல்லது வராது. பார்க்க மலச்சிக்கல் மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். அன்றைக்கே வைத்தியரிடம். மல்லிகைப்பந்தலுடையது பெட்டை, அந்த ஆபத்து மிகக் குறைவு. பெட்டைக்கு வேறு: கருத்தடை செய்யாமல் விட்டால் வயது போகக் கருப்பையில் சீழ் கட்டக் கூடும், அப்போது செய்கிற அவசரச் சத்திரசிகிச்சை முதலே செய்திருக்கக் கூடிய கருத்தடையைவிடப் பல மடங்கு செலவு. தட்டை முகப் பூனைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டும், அதனால் பேர்சியனுக்குச் செய்து பழகிய வைத்தியரைக் கேட்டுப் பிடியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வைத்தியம் உண்டா என்று கேட்டீர்கள். ஊசி, பூச்சி மருந்து, கருத்தடை, தோல் வருத்தம் எல்லாம் இங்கேயே பார்க்கலாம். அரச கால்நடை வைத்திய அலுவலகங்களுக்கு மாடும் ஆடும்தான் பெரிய வேலை, பூனைக்குத் தனியார் கிளினிக் நல்லது. சிக்கலான நோய்க்குக் கொழும்பு, அல்லது எங்கள் பேராதனைப் பீடத்தின் போதனா வைத்தியசாலை. அந்தப் பயணச் செலவையும் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசி இல்லாத வானில் மத்தியானம் ஏ9 வீதி வழியே பேர்சியனைக் கொண்டுவர வேண்டாம், இரவில் வெளிக்கிடுங்கள்.

சுண்டுக்குளி அக்கா

செலவில்லாமல் தவிர்க்கக் கூடிய ஒன்றைத் தம்பி விட்டுவிட்டார். பனடோல், அதாவது பரசிற்றமோல்.

பேராதனைப் பெடியன்

நன்றி அக்கா, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். காய்ச்சல் என்று பூனைக்குக் கால் குளிசை பனடோல் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை உடைக்கிற வலு இல்லை. முரசு நீலம் பூக்கும், முகம் வீங்கும், ஒரு குளிசையே கொல்லப் போதும். அதேபோல நாய்க்கு உண்ணிக்கு விடுகிற பெர்மெத்ரின் சொட்டு மருந்து, பூனைக்கு விட்டால் வலிப்பு. நாயும் பூனையும் ஒன்றாகப் படுக்கிற வீட்டிலும் கவனம். இந்த இரண்டுக்கும் எந்தக் காப்புறுதிக்காரன் காசு தந்தாலும் தராவிட்டாலும், உடனே வைத்தியரிடம் போகாவிட்டால் உயிர் தப்புவது கஷ்டம்.

நெல்லியடி நரேன்

கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். பேர்சியன் இவ்வளவு கரைச்சல் என்றால் காது மடிந்த ஸ்கொட்டிஷ் ஃபோல்ட் எப்படி? முகநூலில் வடிவாக இருக்கிறது.

பேராதனைப் பெடியன்

காதை மடிக்கிற அதே மரபணுதான் மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுக்கிறது. காது மடிந்த ஒவ்வொன்றுக்கும் அந்த நோய் கூடவோ குறையவோ உண்டு. வால் விறைக்கும், பின்கால் தடிக்கும், பாய மாட்டாது, நாங்கள் "சாதுவான பூனை" என்று சொல்லிக்கொள்வோம். இனம் ஸ்கொட்லாந்தில் 1961இல் கிடைத்த ஒரு பூனையிலிருந்து வந்தது, ஆனால் பிரித்தானியாவின் பூனைப் பதிவுச் சபையே அதைப் பதிவதில்லை. வேண்டாம் அண்ணை.

மெயின் கூன், ரக்டோல் எடுப்பவர்கள் இதயத்தைக் கேட்க வேண்டும். இதயத் தசை தடிக்கிற நோய்க்கான மரபணு மாற்றம் மெயின் கூனில் 2005இலும் ரக்டோலில் 2007இலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கும் பரிசோதனை உண்டு. ஆனால் மரபணு சரியாக இருந்தாலும் அந்த நோய் வரக் கூடும், ஸ்கான்தான் உறுதி.

ஈஸ்ற்ஹாம் இளங்கோ

எஃப்.ஐ.பி. என்ற நோயைப் பற்றியும் சொல்லுங்கள். எனக்குக் காப்புறுதி கைகொடுத்தது அதற்குத்தான்.

பேராதனைப் பெடியன்

பூனைகளில் சாதாரணமாகச் சுற்றுகிற ஒரு கொரோனா வைரஸ், சில குட்டிகளின் உடம்புக்குள் மாறி வயிற்றில் நீர் கட்ட வைக்கிற நோய். மனுசரின் கோவிட்டோடு சம்பந்தமில்லை. நிறையப் பூனைகளை ஒன்றாக அடைத்து வளர்க்கிற இடத்துக் குட்டிகளுக்கும் இனப் பூனைகளுக்கும் கூட வரும், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். சில வருடங்களுக்கு முன்வரை வந்தால் சாவுதான். இப்போது ஜி.எஸ். 441524 என்ற மருந்து இருக்கிறது, பிரித்தானியாவில் 2021 முதல் வைத்தியர்கள் சட்டப்படி கொடுக்கிறார்கள். வழமையான சிகிச்சை 84 நாள். அளவு நிறையைப் பொறுத்தது, குட்டி வளர வளர மருந்தும் கூடும், காசும் கூடும். நான் பேசிய எல்லா நோயிலும் குட்டிப் பருவத்தில் சட்டென்று பெரிய தொகை கேட்பது இதுதான். கணக்கர் ஐயா சொன்ன "இரண்டாம் மாதம்" இதற்குத்தான் பொருந்தும்.

ஆகவே குட்டி பார்க்கப் போகும்போது குட்டியை மட்டும் பார்க்காமல் வீட்டையும் பாருங்கள். எத்தனை பூனை, எத்தனை மண் தட்டு, மணம் எப்படி. வாசலில் வைத்துக் குட்டியைக் கையில் தருகிறவரிடம் வாங்க வேண்டாம்.

நெறியாளர்

குட்டி விற்பனைக்கு என்று தொலைபேசி இலக்கத்தோடு போட்ட இரண்டு பதிவுகளை அகற்றியிருக்கிறேன். இது விற்பனைப் பகுதி இல்லை. ஏஜன்ற்மாருக்கும் அதுவேதான்.

மல்லிகைப்பந்தல், திருநெல்வேலி

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை மாமியாருக்கே வாசித்துக் காட்டினேன். மானிப்பாய் மாமாவை அவவுக்கு நல்ல பிடிப்பு.

காப்புறுதிக்கு ஒரு ஏஜன்றைக் கூப்பிட்டுக் கணக்கர் ஐயாவின் கேள்வியையே கேட்டேன். சாவு, விபத்து என்று வடிவாக விளக்கினார். பரம்பரை நோய் என்றதும் "அது மேலிடத்தில் கேட்க வேண்டும் அக்கா" என்று போனவர்தான், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல. ஆகவே வங்கிப் புத்தகம் என்று முடிவு. மகளின் அப்பா குட்டியின் விலை அளவு போட ஒத்துக்கொண்டார், மாதத் தொகைக்குத்தான் பேரம் நடக்கிறது.

விற்பவரிடம் சிறுநீரக அறிக்கை கேட்டேன். முதலில் "இப்படி ஒருவரும் கேட்டதில்லை" என்றார். பிறகு தாய்ப் பூனையின் ஸ்கான் தாள் அனுப்பினார். இரண்டு சிறுநீரகமும் சாதாரணம் என்று போட்டிருக்கிறது. ஸ்கான் எடுக்கும்போது தாய்க்கு 6 மாதம். இது போதுமா தம்பி?

பேராதனைப் பெடியன்

போதாது அக்கா. 10 மாத வயதுக்கு முதல் எடுத்த ஸ்கானில் சின்னக் கட்டிகள் தப்பிவிடும். இப்போது திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், அல்லது மரபணுப் பரிசோதனை. அதோடு தாய் சரி என்றாலும் பாதிக் கதைதான். தகப்பன்?

மல்லிகைப்பந்தல், திருநெல்வேலி

கேட்டேன். கடுவன் அவருடையது இல்லையாம், வேறொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததாம். அந்த ஆளின் தொடர்பு "இப்ப இல்லை" என்கிறார்.

ஓய்வுபெற்ற கணக்கர்

முற்பணம் கொடுக்க வேண்டாம். கொடுப்பதென்றால் தாளில் எழுதுங்கள்: பரிசோதனையில் நோய் மரபணு இருந்தால் முற்பணம் முழுக்கத் திருப்பித் தரப்படும், பரிசோதனைச் செலவு வாங்குபவருடையது. இரண்டு பேரின் கையொப்பம், அடையாள அட்டை இலக்கம். விற்பவர் நல்லவர் என்றால் இதில் அவருக்கு நட்டமில்லை.

மானிப்பாய் மாமா

அடையாள அட்டை இலக்கம் போட்டு பூனை வாங்குகிற காலம்.

மல்லிகைப்பந்தல், திருநெல்வேலி

எழுதச் சம்மதித்துவிட்டார். கொஞ்சம் யோசித்துத்தான் சம்மதித்தார், ஆனால் சம்மதித்தார். தம்பி லண்டனில் இருந்து பரிசோதனையை ஓடர் பண்ணுகிறான். வருகிற கிழமை கொழும்புக்குப் போகும்போது குட்டியின் கன்னத்தில் நானே எடுக்கிறேன். எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள்.

பேராதனைப் பெடியன்

போகிற அன்று சில மணித்தியாலத்துக்கு முதலே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வைக்கச் சொல்லுங்கள். பால் குடித்த வாயில் தாயின் கலங்கள் ஒட்டியிருந்தால் தாயின் விடைதான் வரும். சாப்பாடும் கொடுக்க வேண்டாம். பஞ்சுக்குச்சியை முரசுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைத்து 10, 15 விநாடி உருட்டித் தேயுங்கள், ஒவ்வொரு பக்கமும் வேறு குச்சி. காற்றில் காய விட்டுக் கடதாசி உறையில் போடுங்கள், பொலித்தீனில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். உறையில் குட்டியின் அடையாளத்தையும் திகதியையும் எழுதி, விற்பவரின் கண்முன்னாலேயே ஒட்டுங்கள். மற்றக் குட்டிகளும் வெள்ளை என்றால் உங்களுடையதற்கு அன்றைக்கே மைக்ரோசிப் போடுவித்து அந்த இலக்கத்தையும் தாளில் சேருங்கள்.